சீட்ட கவுத்தி வச்சு பாயிண்ட் போடுத ஆன்லைன் ரூம்: ஏழு மாசம் ஓட்டிப் பாத்தாச்சு

நாகர்கோவில்ல இருந்து வேல பாக்குற சின்ன சாஃப்ட்வேர் டீம் எங்களது. எட்டு பேரு. நாலு பேரு வடசேரி பக்கம் ஆபீஸ்ல, ஒரு அண்ணன் மார்த்தாண்டத்துல வீட்ல இருந்து, ரெண்டு பேரு சென்னை, ஒருத்தரு திருவனந்தபுரம். ரெண்டு வாரத்துக்கு ஒருக்க செவ்வாக்கிழம ஸ்பிரிண்ட் பிளானிங் இருக்கும், அதாவது அடுத்த ரெண்டு வாரத்துக்கு என்ன வேலனு முடிவு பண்ற மீட்டிங், அதுல ஒவ்வொரு வேலக்கும் ஸ்டோரி பாயிண்ட் (வேல எவ்ளோ பெருசுனு சொல்லுற நம்பர், மணிக்கணக்கு இல்ல) போடுறதுக்கு ஆன்லைன் பிளானிங் போக்கர் ரூம் ஒண்ணு யூஸ் பண்றோம், இலவசம் தான். பேரு சொல்லல, ஏன்னா குறையும் நெறைய சொல்லப் போறேன்லா, அது போக இந்த மாதிரி சைட்டு ஏகப்பட்டது கெடக்கு, நாங்களே மூணு மாத்தியாச்சு, மூணும் ஏறத்தாழ ஒரே சரக்கு தான்.

வேல செய்யுறது ரொம்ப சிம்பிள். ஒருத்தரு ரூம் ஓப்பன் பண்ணி லிங்க்க வாட்ஸப் குரூப்ல போடுவாரு, மத்தவங்க பேர மட்டும் டைப் பண்ணி உள்ள வருவாங்க, டிக்கெட்ட, அதாவது செய்ய வேண்டிய வேலய எழுதி வச்ச குறிப்ப, வாசிச்சு சந்தேகம் கேட்டு முடிச்சதும் ஆளுக்கொரு நம்பர் சீட்ட அமுக்கணும். யாரு என்ன போட்டானு தெரியாது, போட்டாச்சுனு ஒரு டிக் மட்டும் வரும். எல்லாரும் போட்டதும் மொத்தமா திருப்பி காட்டும். அவ்ளோதான் மக்கா. இதுக்கு எதுக்கு ஒரு ஆப்புனு தான் நானும் மொதல்ல கேட்டேன்.

முன்னாடி என்ன நடக்கும்னா கூகுள் மீட்ல டிக்கெட்ட வாசிச்சு முடிக்கறதுக்குள்ள எங்க சீனியர் அண்ணன் "இது ரெண்டு தானேலே" அப்படிம்பாரு, நல்ல மனுசன், வேலயும் தெரிஞ்சவரு, ஆனா அவரு ரெண்டுனு சொன்ன பொறவு புதுசா சேந்த பிள்ள எட்டுனு சொல்லுமா? கொளச்சல்ல மீன் ஏலம் பாத்தவங்களுக்குத் தெரியும், மொத ஆளு ஒரு வெலய கூவிட்டாருன்னா பொறவு எல்லாரும் அதச் சுத்தியே தான் நிப்பாங்க. 1974ல ட்வெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சிக்காரங்க இத எழுதி இருக்காங்க, ஒரு சக்கரத்த சுத்த விட்டு 10 இல்லன்னா 65 மட்டும் வர்ற மாதிரி செட் பண்ணி வச்சுட்டு, ஐநா சபைல ஆப்பிரிக்க நாடுங்க எத்தன சதவீதம்னு கேட்டிருக்காங்க. 10 பாத்தவங்க சொன்னதுல நடு மதிப்பு 25, 65 பாத்தவங்களுக்கு 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் கெடயாது, அதுக்கே இப்படின்னா பன்னெண்டு வருசம் அனுபவம் உள்ள அண்ணன் வாயில இருந்து வந்த ரெண்டுக்கு எவ்ளோ கனம் இருக்கும்.

இந்த சீட்டு முறைய 2002ல ஜேம்ஸ் கிரெனிங்னு ஒருத்தரு எழுதி வச்சாரு, 2005ல மைக் கோன்னு இன்னொருத்தரு தன்னோட புத்தகத்துல எழுதுன பொறவு ஊரெல்லாம் பரவிச்சு. அதுக்கும் முன்ன டெல்ஃபி முறைனு ஒண்ணு உண்டு, ஆளுங்கள ஒருத்தர ஒருத்தரு பாக்க விடாம தனித்தனியா கணிக்கச் சொல்லுறது, அதோட வழி தான் இது.

சரி, எங்க கதைக்கு வாறேன். ரெண்டாவது வாரமோ மூணாவது வாரமோ, "பழைய ரசீத திரும்ப டவுன்லோட் பண்ண ஒரு பட்டன்"னு டிக்கெட். பாத்தா ஒண்ணுமே இல்லாத வேல மாதிரி தான் இருக்கு. ஓட்டு போடுறது ஏழு பேரு, பிராடக்ட் ஓனர், அதான் எந்த வேல முக்கியம்னு முடிவு பண்றவரு, போட மாட்டாரு. திருப்புனா அஞ்சு பேரு 2, ஒருத்தரு 3, டெஸ்டிங் பாக்குற பிள்ள மட்டும் 13. எல்லாருக்கும் சிரிப்பு. கை தவறி அமுக்கிட்டியானு கேட்டா இல்லங்குது. ஜிஎஸ்டி நம்பர் சேத்தப்போ ரசீது ஃபார்மேட் மாறிச்சுலா, அதுக்கு முந்தின ரசீது எதுக்கும் பிடிஎஃப் சேவ் பண்ணி வைக்கல, டேட்டால இருந்து புதுசா உருவாக்கணும், பழைய டெம்ப்ளேட்டும் இப்ப கோடுல இல்லனு சொல்லுது. மீட்ல ஒரு சத்தமும் இல்ல. சீனியர் அண்ணன் தான் "ஏம் பிள்ளே, இத மொதல்லயே சொல்லக் கூடாதா"ன்னாரு. "யாரும் கேக்கலியே அண்ணே"னு ஒரு பதிலு. திரும்ப ஓட்டு போட்டு 8ல முடிச்சோம், அந்த ஸ்பிரிண்ட்ல பாதி அதுக்கே போச்சு, அது வேற விசயம். ஆனா 2னு வாக்கு குடுத்து கிளையண்ட்ட கெட்ட பேரு வாங்காம தப்பிச்சோம். இந்த ஒரு அம்சத்துக்காக மட்டும் இந்த ரூமுக்கு முழு மார்க் குடுக்கலாம், கொள்ளாம்.

இனி எரிச்சலான சமாச்சாரம். திருப்புன உடனே மேல பெருசா ஆவரேஜ் காட்டுது. மேல சொன்ன ஓட்டுக்கு 3.7னு வந்துச்சு, எங்க பிராடக்ட் ஓனர் அத பாத்துட்டு "அப்ப 3 போட்டுக்கலாமா 4 போட்டுக்கலாமா"னு ஜிராவ (டிக்கெட் எல்லாம் வச்சிருக்குற சாஃப்ட்வேர்) தொறந்துட்டாரு! அந்த 13அ பத்தி பேசணும்னு தான் இவ்ளோ பாடும். சீட்டே 1, 2, 3, 5, 8, 13னு எடவெளி கூடிக் கூடி வைக்கறதுக்கு காரணம் உண்டு, ஒரு கிலோவயும் ரெண்டு கிலோவயும் கையில தூக்குனா வித்தியாசம் தெரியும், இருபது கிலோ சாக்கும் இருபத்தோரு கிலோ சாக்கும் எவனுக்கு தெரியும், அதனால தான் சில சீட்டுக் கட்டுல 13க்கு மேல 20, 40, 100னு ரவுண்டு நம்பரா வச்சிருக்காங்க, இவ்ளோ துல்லியமா எல்லாம் தெரியாதுடேனு அர்த்தம். அதுல போயி 3.7 காட்டுறது என்ன கணக்கோ. மொத சைட்டுல இத மறைக்க வழியே இல்ல, இப்ப இருக்குறதுல செட்டிங்ல ஆஃப் பண்ணலாம், நாங்க மாறுனதே அதுக்கு தான்.

அடுத்தது கரண்ட். ஐப்பசி மழைல மார்த்தாண்டத்துல கரண்ட் போயி போயி வந்துச்சு, அண்ணன் வைஃபை போயி மொபைல் நெட்ல திரும்ப உள்ள வந்தா லிஸ்ட்ல ரெண்டு அண்ணன் நிக்காரு. ஒருத்தரு ஓட்டு போட்டாச்சு, இன்னொருத்தரு ஆவி, போடவே மாட்டாரு, எல்லாரும் போட்டா தான் தானா திரும்பும், அந்த ஆவிக்காக எல்லாரும் முழிச்சுட்டு இருக்கோம். ஆள வெளிய தள்ளுற பட்டன் லேப்டாப்புல மட்டும் தான் இருக்கு, மொபைல்ல இல்ல, ரூம் ஓப்பன் பண்ணுனது யாரு? மார்த்தாண்டம் அண்ணனே தான். மொபைல்ல விளம்பரம் வேற அடில வந்து 8அ மறைக்கும், நெறைய பேரு 5ஓ 13ஓ போட்டதுல இதுக்கும் பங்கு உண்டுனு எனக்கு ஒரு சந்தேகம்.

திருப்புன பொறவும் ஓட்ட மாத்தலாம்னு ஒரு வசதி இருக்கு, அது வசதியா களவாணித்தனமானு தெரியல. எங்க சென்னை ஆளு ஒருத்தரு எல்லாரும் 5 போட்டத பாத்துட்டு பைய 1அ 5ஆ மாத்திடுவாரு. பூட்டி வைங்க, திரும்ப போடணும்னா புது ரவுண்டு தொறங்க.

இன்னொண்ணு முக்கியமா கவனிக்கணும், இந்த ரூமுக்கு பாஸ்வேர்ட் கெடயாது, லிங்க் கெடச்ச யாரும் உள்ள வரலாம். நாங்க மொதல்ல கிளையண்ட் பேரோட டிக்கெட் தலைப்ப அப்படியே டைப் பண்ணிட்டு இருந்தோம், இப்ப ஜிரா நம்பர் மட்டும் தான். லிங்கும் ஒவ்வொரு தடவயும் புதுசு.

காசு குடுக்குற ஒண்ணும் ட்ரையல்ல பாத்தோம், ஓட்ட நேரா ஜிராவுக்கே எழுதிரும், டைமர், ரிப்போர்ட்டு எல்லாம் உண்டு. ஏழு ஓட்ட கையால டைப் பண்ண முடியாத அளவு பெரிய டீம் இல்ல நாங்க, டாலர்ல மாசாமாசம் குடுக்க மேனேஜரு ஒத்துக்கவும் இல்ல. மேனேஜர பத்தி சொன்னா ஒண்ணு ஞாபகம் வருது, அவரு வந்தா அப்சர்வரா மட்டும் உக்கார வைங்க. ஒரு நாளு ஓட்டும் போட்டுட்டு, "ஒரு பாயிண்ட்னா நாலு மணி நேரம்"னு எக்செல்ல பெருக்க ஆரம்பிச்சுட்டாரு, அதுக்கு அடுத்த பிளானிங்ல எல்லாரோட பாயிண்ட்டும் தன்னால வீங்கிருச்சு.

காப்பி கப்பு சீட்டும் ஒண்ணு உண்டு, பிரேக் வேணும்னு அர்த்தம். எங்க டீம்ல அதுக்கு பேரு சாயா சீட்டு, பத்தரை மணி ஆச்சுன்னா பழம்பொரி வாசனைக்கு நாலு சாயா ஒண்ணா விழும், அதுல மட்டும் எங்களுக்குள்ள கருத்து வேறுபாடே வந்ததில்ல.

ரேட்டிங் கேட்டா 5க்கு மூணரை. ஆவியயும் விளம்பரத்தயும் சரி பண்ணுனா நாலு.