வணிக இடத்தைப் பிரித்து விற்கப் போகிறீர்களா? தனி வரி எண்ணை நம்பிப் பத்திரம் போடாதீர்கள்

கடைக் கட்டடமும் பின்னால் கிடங்குமாக இருந்த ஒரே மனையை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லி ஓர் ஆலோசகரிடம் பொறுப்பை ஒப்படைத்தோம். பேசிய பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, எங்கேயும் செல்லுபடியாகாத ஒரு பிரிவினையைக் கையில் கொடுத்துவிட்டார். நானும் தம்பியும் இன்னும் அதிலிருந்து மீளவில்லை. இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் படித்துவிட்டு இறங்கட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

இடம் மொத்தம் 1,800 சதுர மீட்டர். சாலையை ஒட்டி மூன்று தளக் கடைக் கட்டடம், பின்னால் கிடங்கு. கிடங்கை மட்டும் விற்பதாக இருந்தோம். "நடுவுல ஒரு கோடு போட்டா முடிஞ்சுது சார். ரெண்டுக்கும் தனித்தனி சொத்து வரி எண் வாங்கித் தர்றேன், அப்புறம் பத்திரம் போட்டுக்கலாம்" என்றார் ஆலோசகர். சர்வேயரைக் கூட்டி வந்து அளந்தார். வரி ரசீதும் சொன்னபடியே இரண்டாக வந்தது. சீல் குத்திய தாளை நீட்டி, "நகர நிர்வாகமே ஏத்துக்கிச்சு, பாருங்க" என்றார்.

அந்த சீல் வரிப் பிரிவுடையது. யாரிடம் எவ்வளவு வசூலிப்பது என்பது மட்டும்தான் அவர்கள் கணக்கு. ஒரு மனையைச் சட்டப்படி இரண்டு மனையாக ஆக்குவது, அதாவது உட்பிரிவு, நகரத் திட்டப் பிரிவின் வேலை, அங்கே எங்கள் பெயரில் ஒரு விண்ணப்பம்கூடப் போகவில்லை. வாங்க வந்தவருடைய வங்கியின் வழக்கறிஞர் "உட்பிரிவுக்கு ஒப்புதலான வரைபடம் எங்கே?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆலோசகரைக் கேட்டால் "வந்துடும் சார்". பிறகு போனையே எடுப்பதில்லை.

திட்டப் பிரிவுக்கு நாங்களே போனோம். அங்கிருந்த அதிகாரி எங்கள் வரைபடத்தை மேசையில் விரித்து, கோட்டுக்குப் பின்னால் இருந்த பகுதியை ஒரு வெள்ளைத் தாளால் மூடினார். "இப்போ முன்பக்கத்தை மட்டும் பாருங்க. இவ்வளவு இடத்துல இந்தக் கட்டடத்துக்கு இன்னைக்கு அனுமதி கேட்டா கிடைக்குமா?" என்றார். உட்பிரிவு என்பதன் சூட்சுமம் முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. பணம் வாங்கியவர் எங்களிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

கணக்கைப் பாருங்கள். எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனையின் பரப்பால் வகுத்தால் வருவதுதான் தளப்பரப்புக் குறியீடு. எங்கள் மண்டலத்தில் அது 1.5 வரை போகலாம். கடைக் கட்டடம் 1,400 சதுர மீட்டர், கிடங்கு 900. இரண்டையும் கூட்டி 1,800-ஆல் வகுத்தால் 1.28, பிரச்சினை இல்லை. ஆனால் அவர் போட்ட கோட்டின்படி முன் மனைக்குக் கிடைத்தது 750 சதுர மீட்டர்தான். குறியீடு 1.87-க்குப் போய்விட்டது. ஒரு செங்கல்கூடக் கூடுதலாக வைக்காமலே, விதிப்படி இருந்த கட்டடம் விதிமீறல் கட்டடமாகிவிட்டது. கடைகளுக்கான பார்க்கிங் முழுவதும் பின்பக்கம் இருந்ததால் அதுவும் கிடங்கு வாங்குபவரிடம் போய்விடும்.

பின் மனையின் நிலை இன்னும் மோசம். அதற்குச் சாலை முகப்பே கிடையாது. பக்கவாட்டுச் சந்துதான் வழி. அதிகாரி வந்து டேப் பிடித்தபோது, மழைநீர்க் குழாய் இறங்கும் இடத்தில் சந்து இன்னும் ஒடுங்கியது. தீயணைப்பு வண்டி நுழைய விதி கேட்கும் அகலம் அங்கே இல்லை. கிடங்கின் முன்சுவரை ஒட்டியே கோடு போனதால் அந்தச் சுவர் இப்போது எல்லைச் சுவர். அதில் இருக்கும் ஜன்னல்களைத் தீப் பாதுகாப்பு விதி ஒத்துக்கொள்ளாது. தண்ணீர் இணைப்பும் கழிவுநீர்க் குழாயும் இரண்டுக்கும் ஒன்றே. இடம் அடமானத்தில் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும்.

விதிவிலக்கு கேட்கலாமா என்றும் விசாரித்தோம். நிலத்தின் அமைப்பால் வந்த சிக்கல் என்றால் வாதாட இடமுண்டாம். நாமே கோடு போட்டு உண்டாக்கிய சிக்கலுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

ஆகவே கோடு போடும் முன்பே திட்டப் பிரிவில் முன்கலந்தாய்வு கேளுங்கள். புதிய மனை ஒவ்வொன்றும் குறைந்தபட்சப் பரப்பு, சாலை முகப்பு, பக்க இடைவெளி, பார்க்கிங் எல்லாவற்றிலும் தனியாகத் தேறுகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். வழியையும் பார்க்கிங்கையும் இரு மனைகளும் பகிர்ந்துகொள்ள விதி இடம் கொடுத்தால், அதைத் தனி ஒப்பந்தமாகப் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. சில இடங்களில் நிலத்தைப் பிரிக்காமல், பிரிக்கப்படாத பங்கோடு (நிலம் எல்லோருக்கும் பொது, அதில் அவரவருக்கு ஒரு பங்கு) கட்டடத்தை மட்டும் தனித்தனியாக விற்க முடியும். எங்களுக்கு அதுதான் பொருந்தியிருக்கும், அந்த மனிதர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆலோசகருக்குப் பணத்தைத் தவணையாகக் கொடுங்கள், ஒப்புதல் எண்ணை அலுவலகத்தில் நீங்களே சரிபார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

கிடங்கு வாங்க வந்தவருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வரி எண்களை மறுபடி ஒன்றாக்க மனு போட்டிருக்கிறோம். ஆலோசகர் மீது எழுத்து மூலம் புகார் கொடுத்தாயிற்று, அவரிடமிருந்து இதுவரை ஒரு பதிலும் இல்லை.