எடை போடுவது ரம்பத்துக்கு முன்னாலா, பின்னாலா? நீர்க்குளிர்வு மோல்டு வாங்குமுன் படிக்கவும்

"கழிவே வராது, ஈல்டு 99 சதவீதம்" என்று சொல்லி விற்கப்பட்ட செம்பு வார்ப்பு மோல்டுகள் (அச்சுகள்) பற்றிய எச்சரிக்கை இது. ஈல்டு என்பது போட்ட செம்பில் நல்ல சரக்காகக் கிடைக்கும் பங்கு. உள்விட்டம் 150 மி.மீ., உயரம் 700 மி.மீ., சுற்றிலும் தண்ணீர் ஜாக்கெட், மொத்தம் நான்கு மோல்டுகள். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். இதே பேச்சும் இதே கோளாறும் வேறு பெயர்களிலும் வரும் என்பதால், எதை எப்படிச் சோதிப்பது என்பதுதான் முக்கியம்.

முதல் ஏமாற்று கணக்கிலேயே இருக்கிறது. சோதனை வார்ப்பு அன்று லேடிலிலிருந்து (உருகிய செம்பை ஊற்றும் வாளி) ஊற்றியது 960 கிலோ. மோல்டிலிருந்து உருவி எடுத்த ஒன்பது பில்லட்டுகளின் (உருளைக் கட்டிகளின்) எடை 950 கிலோ. வகுத்துப் பார்த்தால் 99 சதவீதம், கையெழுத்து கேட்டார்கள். கணக்கு பொய்யில்லை. ஊற்றிய செம்பு மோல்டுக்குள் உறையாமல் வேறெங்கே போகும்? ஆனால் உலையில் ஏற்றியது 1000 கிலோ. கசடாகவும் லேடில் ஒட்டாகவும் 40 கிலோ நின்றுவிட்டது. தலையையும் அடியையும் ரம்பத்தில் அறுத்ததும் 950 கிலோ 790 ஆனது. மேல்தோலை 1.2 மி.மீ. சீவியபின் 765. ஒரு பில்லட் முழுக்க ஊசித் துளை, அதைக் கழித்தால் 680. ஆக, உண்மையான ஈல்டு 68 சதவீதம்.

"தலைவெட்டு திரும்ப உலைக்குத்தானே போகிறது, அதில் என்ன நஷ்டம்" என்பது அடுத்த சமாதானம். ஒவ்வொரு மறு உருக்கத்துக்கும் எரிபொருளோ மின்சாரமோ செலவாகிறது, கொஞ்சம் செம்பு ஆக்சைடாகப் போகிறது, ரம்பத்தூள் போகிறது, உலை நேரமும் போகிறது. வாங்கும் ஒப்பந்தத்தில் ஈல்டு என்ற சொல்லுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருக்க வேண்டும்: வெட்டி, சீவி, தேர்வில் நின்ற பில்லட்டின் எடையை உலையில் ஏற்றிய மொத்த எடையால் வகுத்தது. இதை எழுதித் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கழிவின் பெரும்பங்கு தலைவெட்டில் இருந்தது. இந்த விட்டத்தில் ஒவ்வொரு மி.மீ. நீளமும் சுமார் 158 கிராம் செம்பு. 120 மி.மீ. அறுத்தால், உள்ளே இருக்கும் குழி போக, ஒரு பில்லட்டுக்கு ஏறத்தாழ 14 கிலோ. ஏன் இவ்வளவு? உருகிய செம்பின் அடர்த்தி உறைநிலை அருகில் லிட்டருக்கு சுமார் 8 கிலோ. ஆறிய செம்பில் 8.96. உறையும்போது மட்டும் கன அளவில் 4 முதல் 5 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு மேலிருந்து உருகிய செம்பு இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்காவிட்டால் நடுவில் குழாய் போலக் குழி விழும். பட்டறையில் பைப் என்பது இதைத்தான்.

வந்த மோல்டில் தண்ணீர் ஜாக்கெட் வாய் விளிம்பு வரை ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. விளம்பரப் படத்தில் அது "முழு நீளக் குளிர்வு". நடப்பில் வாயருகே உள்ள செம்புதான் சீக்கிரம் உறைந்து மூடி போட்டுக்கொள்கிறது. கீழே நடுப்பகுதி இன்னும் திரவம். பிறகு மேலே எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே இறங்காது. குழி வெளியே தெரியாமல் உள்ளுக்குள் ஒளிந்துகொள்ளும். 40 மி.மீ. அறுத்தால் முகம் சுத்தமாக இருக்கும். இன்னும் 40 மி.மீ. தள்ளி அறுத்தால் விரல் நுழையும் ஓட்டை. காற்றுப் படாத குழி என்பதால் உட்சுவர் கறுத்திருக்காது. புதுச் செம்பின் இளஞ்சிவப்பில், மரக்கிளை போலப் படர்ந்த படிகங்கள் கண்ணுக்கே தெரியும். அந்த நிறத்தைக் கண்டால் குற்றம் ஊற்றிய ஆளுடையது இல்லை, மோல்டின் அமைப்புடையது. முதல் வெட்டு சுத்தமாக இருக்கிறது என்று தேர்வு கொடுத்துவிடக் கூடாது. சோதனையில் ஒரு பில்லட்டையாவது நெடுக்கில் பிளந்து பார்க்க வேண்டும். ஒரு பில்லட் வீணாகட்டும்.

திருத்தம் எளிது. விற்றவர் அதைச் செய்து தராமல் "பழகப் பழகச் சரியாகும்" என்று சொன்னதுதான் ஆத்திரம். மேல் 70 மி.மீ. உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தி, அதில் வெப்பம் கடத்தாத ரிஃப்ராக்டரி (கடும் சூடு தாங்கும் பொருள்) வளையம் பொருத்த வேண்டும். வளையத்தின் உள்விட்டம் மோல்டின் உள்விட்டத்தைவிட ஓரிரு மி.மீ. குறைவாக இருக்கட்டும், பெரிதாக இருந்தால் அங்கே உறையும் விளிம்பு பில்லட்டைத் தொங்கவிடும், சுருங்கும்போது வெடிப்பு விழும். வளையத்தை நன்றாகச் சுட்டு உலர்த்தாமல் வைக்கவே கூடாது.

ஊற்றும் முறையும் மாற வேண்டும். அடி 100 மி.மீ. வேகமாக நிரம்பட்டும், இல்லாவிட்டால் அடிப்பகுதிப் பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாகக் குளிர்க் கோடு விழும். பிறகு மட்டம் விநாடிக்கு 7, 8 மி.மீ. ஏறும்படி சீராக ஊற்றி, கடைசி 15 சதவீதத்தை மெதுவாக இறக்க வேண்டும். நிரம்பியதும் நிறுத்திவிடாமல், மட்டம் தாழத் தாழ இரண்டு மூன்று முறை சிறிதாக ஊற்றிச் சமன்செய்ய வேண்டும். மேலே காய்ந்து சுட்ட கரித்தூள் ஒரு விரல் கனம். இப்படிச் செய்தால் தலைவெட்டு 35 மி.மீ. அளவுக்கு இறங்கும். அதாவது ஐந்தரைக் கிலோ.

தாரை சுவரில் படக் கூடாது. லேடிலிலிருந்து நேரே சாய்த்து ஊற்றினால் ஒரே இடத்தில் தாரை அடித்து, அங்கே மோல்டின் செம்பே கரைந்து பில்லட்டோடு ஒட்டிக்கொள்ளும். நடுத்துளை உள்ள சிறு டண்டிஷ் (இடைத்தொட்டி) வைத்து, தாரையை மையத்தில் இறக்கி, அடியில் தாரை விழும் இடத்துக்கு கிராஃபைட் வில்லை வைப்பதே வழக்கம். இந்த வில்லை பொருட்பட்டியலில் இருந்தது, பெட்டியில் இல்லை.

இரண்டாவது பெரிய மோசடி தண்ணீரில். மோல்டோடு வந்த பம்பு நிமிடத்துக்கு 120 லிட்டர். போதுமா என்று காகிதத்திலேயே பார்த்துவிடலாம். 1150 டிகிரியில் ஊற்றிய ஒரு கிலோ செம்பு 700 டிகிரிக்கு இறங்க, உறைவெப்பம் 205 கிலோஜூல் உட்பட சுமார் 415 கிலோஜூலை விட்டாக வேண்டும். 100 கிலோ மூன்று நிமிடத்தில் ஆற வேண்டும் என்றால் 41,500 கிலோஜூல். தண்ணீர் 8 டிகிரி மட்டும் சூடேறலாம் என்று வைத்தால் ஒரு லிட்டர் சுமக்கக்கூடியது 33.5 கிலோஜூல். வகுத்தால் நிமிடத்துக்கு 410 லிட்டருக்கு மேல். 120 லிட்டரில் அதே வெப்பம் போனால் தண்ணீர் 27, 28 டிகிரி சூடேறும். 35 டிகிரியில் நுழைந்தது 62-63இல் வெளியேறும்.

"62 டிகிரி கொதிநிலை இல்லையே" என்று பதில் வந்தது. வெளியேறும் குழாயில் அளப்பது சராசரி. சுவரை ஒட்டிய தண்ணீர் மெதுவாக ஓடினால் அங்கே கொதித்து ஆவிப்படலம் கட்டும். அந்தப் படலம் போர்வை போல வெப்பத்தை நிறுத்திவிடும். ஜாக்கெட்டில் காது வைத்தால் சீற்றமும் தட்டலும் கேட்கும். அதே இடத்தில்தான் சுண்ணாம்புப் படிவும் முதலில் பிடிக்கும். ஒரு மி.மீ. படிவு, 150 முதல் 300 மி.மீ. செம்புச் சுவருக்குச் சமமான தடை. ஆகவே பம்பின் தகட்டில் எழுதியிருப்பதை நம்பாமல், மோல்டு இணைத்த நிலையில் வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்து நேரம் பாருங்கள். 20 லிட்டர் வாளி மூன்று விநாடிக்குள் நிரம்ப வேண்டும். மென்னீர், மூடிய சுற்று, நுழைவிலும் வெளிவிலும் தனித்தனி தெர்மாமீட்டர்: இவை ஆடம்பரம் இல்லை.

அதற்காகப் பச்சைத் தண்ணீரை முன்கூட்டியே முழு வேகத்தில் ஓடவிட்டு மோல்டைச் சில்லிட வைப்பதும் தவறு. ஈரக் காற்றில் உட்சுவர் வியர்க்கும். அந்த வியர்வை ஹைட்ரஜனாகச் செம்புக்குள் போய்த் துளையாக வெளிவரும். முதல் ஊற்றுக்கு முன் உட்சுவர் கைக்கு வெதுவெதுப்பாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

மோல்டின் உலோகம் பற்றி. ரசீதில் குரோமியம்-சிர்கோனியம் செம்பு. வந்தது சாதாரண பாஸ்பரஸ் செம்பு. இதைக் கண்டுபிடிக்க மின்கடத்து மீட்டர் மட்டும் போதாது, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குரோமியம்-சிர்கோனியம் செம்பு சுமார் 75 முதல் 80 சதவீதம் ஐ.ஏ.சி.எஸ். (சுத்தச் செம்பை 100 என்று வைத்த மின்கடத்து அளவு) காட்டும், பாஸ்பரஸ் செம்பும் 70 முதல் 90க்குள் எங்காவது நிற்கும். மீட்டரில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். கடினமும் புது நிலையில் குழப்பும், ஏனென்றால் குளிர்நிலையில் அடித்து இழுத்த பாஸ்பரஸ் செம்பும் ஓரளவு கெட்டியாகவே இருக்கும். உறுதியான சோதனை இது: மோல்டோடு அதே வார்ப்புத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, 450 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறியபின் பிரினெல் கடினம் பாருங்கள். உண்மைச் சரக்கு 120 சொச்சத்தில் அப்படியே நிற்கும். அதைப் பதப்படுத்துவதே கிட்டத்தட்ட அந்த வெப்பநிலையில்தான். போலி 50 பக்கத்துக்கு விழுந்துவிடும். மென்மையான உலோகம் சில பத்து ஊற்றுகளிலேயே உள்பக்கம் பிதுங்கும், இணைப்பு முகம் வளையும், இடைவெளியில் செம்பு கசிந்து தகடாக நிற்கும். பிசிர் வெட்டும் கழிவுக்கணக்கில் சேர்ந்துவிடும். 0.1 மி.மீ. ஃபீலர் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) இணைப்பில் நுழைகிறதா என்று பத்து ஊற்றுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

சர்வீஸ் என்று வந்த ஆள் சொன்ன வைத்தியம் இரண்டு. ஒன்று, ஊற்றும் வெப்பத்தை 1230 டிகிரிக்கு ஏற்று. மடிப்பு குறைந்தது உண்மை. ஆனால் சூடு கூடக் கூட உருகிய செம்பு ஹைட்ரஜனைக் கூடுதலாக உறிஞ்சும், உறையும்போது அதைத் துப்பும். நீர்க்குளிர்வில் தோல் சட்டென்று கட்டிவிடுவதால் வாயு வெளியேற வழியில்லாமல் தோலுக்கு அடியிலேயே தங்கும். சீவ வேண்டிய ஆழம் கூடியதுதான் மிச்சம். 1150ஐ ஒட்டி வைத்து, லேடிலைச் செக்கச்செவேலெனச் சுட்டு, உலைக்கும் மோல்டுக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பதே சரி.

இரண்டாவது, பெயர் ஒட்டாத பொட்டலத்தில் "வாயு நீக்கிப் பொடி". உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் உருகிய செம்பில் போடாதீர்கள். ஆக்சிஜன் நீக்க 15 சதவீத பாஸ்பர் காப்பர் (அந்த அளவு பாஸ்பரஸ் கலந்த செம்பு) போதும், அளவையும் கணக்கிடலாம். 100 கிலோ செம்பில் ஆக்சிஜன் 0.02 சதவீதம் இருந்தால் அதைப் பிடிக்க சுமார் 100 கிராம், பில்லட்டில் 0.025 சதவீத பாஸ்பரஸ் மிஞ்ச இன்னும் 170 கிராம் வரை. கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் மின்கடத்தும் திறன் அடிபடும். மின்சார வேலைக்கான செம்பில் பாஸ்பரஸே ஆகாது. போடுமுன் சிறு கரண்டியில் எடுத்துச் சிறு கிண்ண அச்சில் ஊற்றி முகத்தைப் பாருங்கள். பொங்கி உப்பினால் வாயு இருக்கிறது. குழிந்தால் வாயு பெரிதாக இல்லை.

கசடு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. "குப்பைதானே, நாங்களே ஏற்றிக்கொண்டு போகிறோம்" என்று அதே விற்பனையாளர் இலவச உதவி செய்தார். செம்பின் சிவப்பு ஆக்சைடில் மட்டுமே எடையில் 88 சதவீதத்துக்கு மேல் செம்பு. கூடவே உலோகச் செம்பு மணிமணியாகச் சிக்கியிருக்கும். சுத்தியலால் தட்டினால் பொடியாகாமல் தட்டையாகும் துண்டுகளைப் பொறுக்கிப் பாருங்கள், புரியும். எடை போடாமல் ஒரு கூடைகூட வெளியே போகக் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, அழுத்தச் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் மோல்டு வந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1700 லிட்டர். உருகிய செம்புக்கு அடியில் தண்ணீர் மாட்டினால் அது வெடிப்புதான். வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கில் அரை மணி நேரம் தண்ணீரை அடைத்து வைத்து, முள் இறங்காமல் இருப்பதையும் உட்சுவர் காய்ந்திருப்பதையும் பார்த்தபிறகே முதல் ஊற்று. நான்கில் ஒன்று அடித்தட்டு ஓ-ரிங் அருகே வியர்த்தது. தள்ளுபடி தருகிறோம், சீலன்ட் பூசி ஓட்டுங்கள் என்றார்கள். ஓட்டாதீர்கள். நீரோட்டம் குறைந்தால் அலறும் ஃப்ளோ சுவிட்சும், பம்பு நின்றால் தானாகத் தண்ணீர் இறக்கும் மேல்தொட்டியும் இல்லாமலும் ஓட்டாதீர்கள்.

கடைசித் தவணையை ரம்பம் அறுத்து, ஒரு பில்லட் பிளந்து, தோல் சீவி முடியும் வரை பிடித்து வைக்கலாம். அதை ஆர்டரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே உத்தரவாதத் தாளைக் கட்டம் கட்டமாகப் படியுங்கள். இவர்கள் தந்ததில் ஊற்றும் வெப்பம், மோல்டு எண், தேதி எல்லாம் நிரப்பப்பட்டிருக்கின்றன. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்ற கட்டம் மட்டும் காலி.