வாடகைக்காரரோடு வந்த லீஸ்ஹோல்டு ஃபிளாட்: சொலிசிட்டர் எப்படி?

லண்டனின் குரோய்டனில் வாடகைக்கு ஆள் இருக்கும்போதே ஒரு லீஸ்ஹோல்டு ஃபிளாட் (நீண்டகாலக் குத்தகை உரிமை மட்டும் நமக்கு) வாங்கினேன். பத்திர வேலை பார்த்த சொலிசிட்டர் (வழக்கறிஞர்) அலுவலகத்துக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

தாமதம் முழுக்க அவர்களால் இல்லை. கட்டடத்தின் பராமரிப்பைக் கவனிக்கும் மேனேஜிங் ஏஜென்டிடமிருந்து எல்பிஇ1 என்ற லீஸ்ஹோல்டு விவரப் படிவம் வரவேண்டும். சர்வீஸ் சார்ஜ் பாக்கி, ரிசர்வ் நிதி, இன்ஷூரன்ஸ், வரப்போகும் பெரிய மராமத்து எல்லாம் அதில்தான் தெரியும். கட்டணம் கைக்கு வராமல் ஏஜென்ட் அசையமாட்டார். விற்பவரோ அதைக் கட்டாமலே நாளைக் கடத்தினார். கட்டிவிட்டாரா என்று எங்கள் கோப்பைப் பார்த்த சொலிசிட்டர் முதலிலேயே கேட்டு முடித்திருக்கலாம்; நான் போன் போட்டுக் கத்திய பிறகுதான் கேட்டார். அதுவரை என் மின்னஞ்சல்களுக்கெல்லாம் 'காத்திருக்கிறோம்' என்று ஒரே பதில். காத்திருக்க எனக்கே தெரியுமே! வங்கி தந்த மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) ஆஃபர் காலாவதியாகிவிடுமோ என்ற பயம் வேறு.

ஆனால் வாடகை விஷயத்தில் ஆள் கெட்டி. வாடகை ஒப்பந்தம், எரிவாயு பாதுகாப்புச் சான்றிதழ், டெபாசிட் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் பதிவானதா என்று ஒன்று விடாமல் துருவினார். கம்ப்ளீஷன் (வீடு கைமாறும் நாள்) அன்றே அந்த மாத வாடகையை நாள் கணக்கில் பிரித்துக் கொடுத்தார். டெபாசிட் என் பெயருக்கு மாறியது. இனி வாடகை யாருக்கு என்று குடியிருப்பவருக்குக் கடிதமும் போனது.

கட்டணம் சொன்னபடியே. ஃப்ரீஹோல்டருக்கு (கட்டடத்தின் மூல உரிமையாளருக்கு) வீடு கைமாறியதைத் தெரிவிக்கும் நோட்டீஸ் கட்டணம் மட்டும் தனி. அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.