கையுறையைக் கழற்றாமல் முடியுமா?

நாங்கள் நான்கு பேர். தென் அட்சரேகை 89 பாகையில் விமானம் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து தென்துருவம் வரை ஸ்கீ கட்டிக்கொண்டு, சாமான் ஏற்றிய ஸ்லெட்ஜ் எனும் பனிச்சறுக்கு வண்டியை ஆளுக்கொன்றாக இழுத்தபடி நடக்க வேண்டும். நேர்கோட்டில் 111 கிலோமீட்டர். ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்டத்தான் இந்தப் பயணம். கிளம்ப இன்னும் மூன்று வாரம். டயர் இழுத்து இழுத்து உடம்பு ஒருவழியாகப் பழகிவிட்டது. இப்போது பாக்கி இருப்பதெல்லாம் 'இதுவா, அதுவா' சண்டைகள்தான்.

எல்லாச் சண்டைக்கும் ஒரே கேள்வியை நடுவராக வைத்துக்கொண்டோம்: மைனஸ் 30 டிகிரியில், தடித்த கையுறையைக் கழற்றாமல் இதைச் செய்ய முடியுமா? எடையும் விலையும் அப்புறம்.

அதிக நேரம் தின்றது அடுப்பு. துருவத்தில் அடுப்பு என்பது சமையல் சாமான் இல்லை, அதுதான் தண்ணீர்க் குழாய். சுற்றிலும் பனி இருந்தும் உருக்கினால்தான் ஒரு வாய் தண்ணீர். ஒரு பக்கம் கேஸ் குப்பி அடுப்பு: எடை குறைவு, திருகினால் எரியும், கையில் நாற்றம் ஒட்டாது. இன்னொரு பக்கம் திரவ எரிபொருள் அடுப்பு: பம்ப் அடிக்க வேண்டும், முதலில் கொஞ்சம் எரித்துச் சூடேற்ற வேண்டும், அந்த நேரத்தில் குப்பென்று தீ எழும். கூடாரத்துக்குள் அதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும்.

கடையில் வைத்துப் பார்த்தால் கேஸ்தான் ஜெயிக்கும். ஆனால் குப்பியில் அடைக்கும் வாயுக்களில் பியூட்டேன் கொதிப்பதே பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழேதான். அதற்கும் குளிரானால் ஆவியாகாமல் குப்பிக்குள் சும்மா கிடக்கும். ஐசோபியூட்டேன் சுமார் மைனஸ் 12 வரை தாங்கும். புரோப்பேன் மட்டும் மைனஸ் 42 வரை ஆவியாகும். கலவைக் குப்பியில் புரோப்பேன் முதலில் எரிந்து தீர்ந்துவிட, மிச்சம் வெறும் பாரம். மைனஸ் 22 டிகிரி குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் அனுமதி வாங்கி இரண்டையும் பற்றவைத்துப் பார்த்தோம். கேஸ் அடுப்பு முதல் பாத்திரத்தை எப்படியோ சூடாக்கியது, இரண்டாவதில் சுடர் அகல்விளக்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. திரவ அடுப்பு இரைந்துகொண்டே எரிந்தது.

அத்தோடு முடிந்துவிடவில்லை. அந்த அடுப்பின் பம்ப் பிடி சின்னது. மூன்று அடுக்குக் கையுறையோடு எங்களில் ஒருவர் அதைப் பிடிக்கப் போய் மூன்று முறை நழுவவிட்டார். பிடியில் துணி நாடாவைத் தடிமனாகச் சுற்றிய பிறகுதான் கைக்கு அடங்கியது. பற்றவைக்க எடுத்துப்போன லைட்டரும் மக்கர் செய்தது. அதற்குள் இருப்பதும் பியூட்டேன்தானே! உரசினால் பொறி பறக்கும் தீக்கம்பி வேலை செய்தது. எரிபொருள் ஊற்றும்போது மட்டும் ரொம்பக் கவனம் தேவை. மைனஸ் 30-இலும் அது உறையாது; வெறும் விரலில் சிந்தினால் ஆவியாகும்போது இருக்கிற கொஞ்சச் சூட்டையும் உறிஞ்சி, நொடியில் தோலை உறையவைத்துவிடும்.

முடிவு: திரவ அடுப்பு இரண்டு, உபரி பம்ப் ஒன்று, ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் கால் லிட்டர் எரிபொருள். டப்பா மூடியைச் சோதிப்பதைத் தனி வேலையாகவே எழுதி வைத்திருக்கிறோம். 1911-12இல் தென்துருவத்துக்கு நடந்த ஸ்காட் குழு வழியில் சேமித்துவைத்த மண்ணெண்ணெய் டப்பாக்களில் மூடி வழியே எண்ணெய் கசிந்து குறைந்துபோயிருந்தது. அவர்களுக்கு முன்பே துருவத்தை எட்டிய அமுண்ட்சென் தன் டப்பாக்களைப் பற்றாசு வைத்து அடைத்திருந்தார்.

அடுத்தது படுக்கைப் பை. தூவியா, செயற்கை இழையா? வாத்து, அன்னத்தின் மெல்லிறகுக்குத் தூவி என்ற அழகான சொல் நம்மிடம் இருக்க, 'டவுன்' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரே எடைக்குத் தூவிதான் அதிகச் சூடு தரும், சின்னதாக அமுங்கும். ஆனால் ஈரம் பட்டால் கட்டிதட்டிவிடும். ஈரம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, நாம்தான் ஊற்று. ராத்திரி முழுக்க உடம்பிலிருந்து கிளம்பும் நீராவி வெளிப்புற இறகில் போய் உறைந்து, நாளுக்கு நாள் பை கனத்துக்கொண்டே போகும். செயற்கை இழைக்கு இந்தப் பாடு குறைவு. பதிலாக எடையும் பருமனும் கூடுதல்.

வடதுருவக் கடல்பனியில் நடப்பதாக இருந்தால், தூவிப் பைக்கு மேல் மெல்லிய செயற்கை உறை ஒன்றைப் போட்டிருப்பேன். உறைபனி அந்த உறையோடு நின்றுவிடும். நாங்கள் போவது அண்டார்க்டிக் பீடபூமிக்கு. காற்று அப்படி வறண்டது, டிசம்பரில் சூரியன் மறைவதே இல்லை. பையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி ஸ்லெட்ஜ் மேல் கட்டிவிட்டால், நடக்கிற நேரத்தில் பெரும்பகுதி காய்ந்துவிடும். பத்து நாளுக்குத் தூவியே போதும். ஜிப் இழுப்பானில் மட்டும் விரல் நீளக் கயிற்று வளையம். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டில் பெரிய தகராறு இல்லை. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. நாமே சுமக்கும்போது கொழுப்புதான் கணக்குக்கு ஒத்துவரும். 1992-93இல் ரானல்ஃப் ஃபைன்ஸும் மைக் ஸ்ட்ரௌடும் நிதி திரட்டவும் அண்டார்க்டிகாவில் ஸ்லெட்ஜ் இழுத்து நடந்தார்கள். நாளுக்கு 5,000 கலோரிக்கு மேல் தின்றும் ஆளுக்கு 20 கிலோவுக்கும் அதிகமாக இளைத்தார்கள். எங்கள் பத்து நாளுக்கு அவ்வளவு ஆகாது, ஆனாலும் இப்போதே கொஞ்சம் சதை போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த ஒரு பயிற்சிக்கு யாரும் மட்டம் போடவில்லை. சாக்லேட்டைக் கட்டியாகக் கொண்டுபோவதா, இங்கேயே உடைத்து நாள்வாரிப் பொட்டலமாகக் கட்டுவதா என்பதில் யோசனையே வேண்டாம்: உடைத்துத்தான். அங்கே அது கருங்கல், பல் போய்விடும்.

இழுக்க வளையாத கம்பியா, கயிறா? இறக்கத்தில் ஸ்லெட்ஜ் முதுகில் வந்து மோதாமல் தடுக்கக் கம்பி நல்லது. நாங்கள் போவது ஏறக்குறைய சமவெளி, கயிறு போதும். நாய்களைக் கட்டக்கூடாதா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1994 ஏப்ரலிலிருந்து அண்டார்க்டிகாவில் நாய்களுக்கு அனுமதி கிடையாது.

போன் விஷயத்தில் இயற்பியலே தீர்ப்பு சொல்லிவிட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே நிலையாக நிற்கும் செயற்கைக்கோள்கள், சுமார் 81 பாகையைத் தாண்டினால் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். துருவங்களுக்கு மேலேயே சுற்றிவரும் இரிடியம் செயற்கைக்கோள்களைத்தான் நம்பியிருக்கிறோம். அதிலும் போன் ஒன்று, ஒரே பொத்தானில் அபாயக் குறி அனுப்பும் கருவி ஒன்று, இரண்டுமே வருகின்றன. போனின் பொத்தான்கள் கையுறைத் தேர்வில் தோற்றன. எங்கள் மூட்டையில் குரல் கேட்க வேறு கருவி இல்லாததால் சலுகை மதிப்பெண் போட்டுத் தேற்றிவிட்டோம்.

கடைசிச் சண்டை பணத்தைப் பற்றியது. பயணச் செலவையும் நன்கொடையையும் ஒரே உண்டியலில் போடுவது சுலபம். ஆனால் கொடுத்தவர் காசு என் பூட்ஸுக்குப் போனதா, அறக்கட்டளைக்குப் போனதா என்று எனக்கே தெரியாது. தனித்தனிக் கணக்கு, செலவு எங்கள் கையிலிருந்தும் விளம்பர ஆதரவாளர்களிடமிருந்தும் மட்டும். இதில் நால்வரும் ஒரே பேச்சு.

சண்டை வந்தது வேறிடத்தில். 'கிலோமீட்டருக்கு இவ்வளவு' என்று வாக்கு வாங்குவதா, மொத்தமாக ஒரு தொகை வாங்குவதா? முதலாவதில் மக்களுக்கு ஆர்வம் அதிகம், வரைபடத்தில் புள்ளி நகர நகரப் பணம் ஏறும். நானும் முதலில் அதன் பக்கம்தான். பிறகு மனசுக்குள் ஒரு காட்சி ஓடியது: எட்டாம் நாள், எதிரே பனிக்காற்று, கூட வருபவரின் மூக்கு நுனி உறையத் தொடங்கி வெளுத்திருக்கிறது. நின்று கூடாரம் போட வேண்டிய நேரத்தில், 'இன்னும் நாலு கிலோமீட்டர் போனால் இவ்வளவு சேரும்' என்று தலைக்குள் ஒருவன் கணக்குப் போட்டால்? மொத்தத் தொகைதான். நடந்தாலும் திரும்பினாலும் பணம் போய்ச் சேரும் என்று படிவத்தை மாற்றி எழுதிவிட்டோம்.

ஆதரவாளர்கள் எட்டுப் பேருக்கும் துருவத்தில் தனித்தனிப் பதாகையோடு படம் வேண்டுமாம். எட்டு முறை விரித்து, பிடித்து, மடிக்கக் கையுறையோடு நடக்காத காரியம். எல்லாப் பெயரையும் ஒரே துணியில் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறோம், அறக்கட்டளையின் பெயர் நடுவில், பெரிதாக. இரண்டு ஓரத்திலும் ஸ்கீ ஊன்றுகோல் நுழையும் அளவுக்குப் பை தைத்தாயிற்று. நேற்று மொட்டைமாடியில் கையுறை மாட்டிக்கொண்டு விரித்துப் பார்த்தோம். நாற்பது நொடி ஆனது.