ரகசியங்களை எங்கே வைப்பது: சாப்ஸா, வால்ட்டா, சீக்ரெட்ஸ் மேனேஜரா?

டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், பேமென்ட் ஏபிஐ சாவி, டோக்கனில் கையெழுத்திடும் சாவி எல்லாமே எங்கள் சர்வர்களில் டாட் என்வ் (.env) என்ற சாதாரண உரைக் கோப்பில்தான் கிடந்தன. அதற்கு முடிவு கட்ட மூன்று வழிகளை எடுத்துப் பார்த்தோம்: ரகசியங்களை என்கிரிப்ட் செய்து, நிரல் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டிலேயே (Git) வைக்கும் சாப்ஸ் (SOPS), நாமே நடத்தும் வால்ட் (Vault), அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் சீக்ரெட்ஸ் மேனேஜர். மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டோம், ஆகவே என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

பயனர்களின் கடவுச்சொற்கள் இந்தக் கணக்கில் சேராது. அவற்றைத் திரும்பப் படிக்கவே முடியாதபடி ஹாஷ் செய்து வைக்க வேண்டும், அதற்கு ஆர்கான்2ஐடி என்ற முறை நல்லது. இன்னொரு முறையான பிகிரிப்ட் பொதுவாக 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், தமிழில் பாஸ்வேர்ட் வைப்பவருக்கு 24 குறியீடுகளிலேயே அது தீர்ந்துவிடும். இங்கே பேசுவது நிரல் திரும்பப் படித்தே ஆகவேண்டிய ரகசியங்களைப் பற்றி.

டாட் என்வ் கோப்பு கிட்டில் ஏறிவிடும் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்ததே. அதிலிருந்து சூழல் மாறிகளுக்கு (நிரல் இயங்கும்போது இயங்குதளம் அதற்குத் தரும் அமைப்பு மதிப்புகள்) போகும் மதிப்புகள், நிரல் தொடங்கும் துணை நிரல்களுக்கும் போய்ச் சேரும், சில நேரம் பிழை அறிக்கைகளிலும் எட்டிப் பார்க்கும். பல சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸின் சீக்ரெட்டில் போட்டுவிட்டோமே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அங்கே தெரிவது வெறும் பேஸ்64, சாவி இல்லாமலே யாரும் திருப்பிப் படிக்கக்கூடிய எழுத்து மாற்றம்தான். தனியாக அமைத்தால் ஒழிய அதன் தரவுக் கிடங்கான எட்சிடியில் அது என்கிரிப்ட் ஆவதில்லை.

சரி, பத்திரமாக வைப்பதை மூன்றுமே ஒழுங்காகச் செய்கின்றன. எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு கேள்வி: சேவை நிற்காமல் அந்த ரகசியத்தை மாற்ற முடியுமா?

சாப்ஸ் மதிப்புகளை மட்டும் என்கிரிப்ட் செய்து பெயர்களை அப்படியே விடும். எது மாறியது என்று கிட்டில் பளிச்சென்று தெரியும். சர்வரே வேண்டாம். ஆனால் டீமிலிருந்து ஒருவர் விலகும்போதுதான் சிக்கல். கோப்பைத் திறக்கக்கூடிய சாவிகளின் பட்டியலிலிருந்து அவருடையதை எடுத்தாலும், கிட் வரலாற்றில் உள்ள பழைய கோப்புகளை அவரால் திறக்க முடியும். ஆகவே உள்ளே இருக்கும் பாஸ்வேர்ட்கள் அத்தனையையும் கையால் மாற்ற வேண்டும். கையால் செய்யும் வேலை தள்ளிப்போகத்தான் செய்யும்.

வால்ட்டின் யோசனை மூன்றிலும் அழகானது. கேட்கும்போது டேட்டாபேஸில் ஒரு தற்காலிகப் பயனரை உருவாக்கித் தரும், கெடு முடிந்ததும் நீக்கிவிடும். அதற்குக் கொடுக்கும் விலை பராமரிப்பு வேலை. மறுதொடக்கம் ஆனால் வால்ட் பூட்டியே எழும். இயல்பான அமைப்பில் 5 சாவித் துண்டுகளில் 3 சேர்ந்தால்தான் திறக்கும். கிளவுட் சாவியை வைத்துத் தானாகத் திறக்கச் செய்யலாம், ஆனால் அப்போது கிளவுடைத்தானே நம்புகிறோம். 2023இல் அதன் உரிமம் மாறியது. திறந்த மூல உரிமம் வேண்டுவோர் அதிலிருந்து பிரிந்த ஓப்பன்பாவோவைப் பார்க்கலாம். வால்ட்டை நான் சோதனைக்கு மட்டுமே ஓட்டியிருக்கிறேன். தனி ஆட்கள் உள்ள பெரிய டீமுக்கோ, பல கிளவுட்களில் இருப்பவர்களுக்கோ கணக்கு மாறலாம்.

சீக்ரெட்ஸ் மேனேஜரில் எங்களைக் கவர்ந்தது இரட்டைப் பயனர் சுழற்சி, அதாவது இரண்டு பயனர்களை வைத்துப் பாஸ்வேர்டைத் தானாக மாற்றும் முறை. டேட்டாபேஸில் ஒரே உரிமைகளுடன் இரண்டு பயனர்கள். இப்போது முதலாமவர் நடப்பில் இருந்தால், சுழற்சியின்போது இரண்டாமவரின் பாஸ்வேர்ட் மாறி, சோதிக்கப்பட்டு, அப்புறம்தான் 'நடப்பு' என்ற அடையாளம் அவருக்குப் போகும். முதலாமவரின் பாஸ்வேர்ட் அடுத்த சுழற்சி வரை செல்லும். அதற்குள் எல்லா நிரல்களும் புதியதை எடுத்துக்கொண்டால் போதும்.

இதற்கு நிரலும் ஒத்துழைக்க வேண்டும். தொடங்கும்போது ஒரு முறை படித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நிரலுக்குச் சுழற்சியால் பயனில்லை. அவ்வப்போது மறுபடி படிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் திறந்திருக்கும் இணைப்புகள் பாஸ்வேர்ட் மாறினாலும் அறுவதில்லை, புதிதாகத் திறப்பவைதான் தோற்கும். அதனால் கோளாறு மணிக்கணக்கில் வெளியே தெரியாது. சுழற்சியைச் சோதிக்கும்போது இணைப்புகளை வேண்டுமென்றே துண்டித்துப் பாருங்கள்.

இன்னொரு நன்மை: பெட்டகத்தைத் திறக்கும் முதல் சாவியை எங்கே ஒளிப்பது என்ற தலைவலி இல்லை. சர்வருக்குத் தரும் ஐஏஎம் ரோல் (ஏடபிள்யூஎஸ்ஸில் யாருக்கு என்ன அனுமதி என்று சொல்லும் அடையாளம்) தற்காலிகச் சான்றுகளைத் தருகிறது. ஆனால் ஏடபிள்யூஎஸ்ஸின் என்கிரிப்ஷன் சாவிகளை வைத்திருக்கும் கேஎம்எஸ்ஸின் தானியங்கிச் சாவி மாற்றத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய தரவைத் திறக்கப் பழைய சாவியும் அங்கேயே இருக்கும். கசிந்த பாஸ்வேர்டை அது காப்பாற்றாது.

பேமென்ட் ஏபிஐ சாவியை மட்டும் இன்னும் கையால்தான் மாற்றுகிறோம். ஒரே நேரத்தில் இரண்டு சாவிகளை அனுமதிக்கும் சேவை என்பதால் புதியதை உருவாக்கி, பெட்டகத்தில் மாற்றி, பழையதில் அழைப்பு எதுவும் வரவில்லை என்று பதிவுகளில் பார்த்த பிறகே நீக்குகிறோம். தனி ஆளாக ஒரே சர்வரை நடத்துபவருக்கு இவ்வளவும் தேவையில்லை, சாப்ஸும், ஏஜ் (age) என்ற எளிய என்கிரிப்ஷன் கருவியின் ஒரு சாவியும் போதும். அந்தச் சாவிக்கு வேறோர் இடத்தில் நகல் வைத்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் கோப்பைத் திறக்க வேறு வழியே கிடையாது.