எட்டு பவுண்டு பிளப்புக் கோடாலி: தலை அருமை, எடை அதிகம்

மரம் வெட்டும் கோடாலி இருக்கும்போது விறகு பிளக்க இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு ஓயாத வாக்குவாதம். வெட்டும் கோடாலியின் வாய் மெல்லியது. மரத்தின் நாரைக் குறுக்கே அறுப்பதற்காகவே அதைத் தீட்டுகிறார்கள். நிமிர்த்தி வைத்த கட்டையின் தலையில் அதை இறக்கினால், உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். பிறகு கட்டையும் கோடாலியுமாகத் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிளப்பதற்கு நாரை அறுக்க வேண்டாம், விலக்கினால் போதும். அதற்குக் கன்னம் புடைத்த தலை வேண்டும்.

என் தோப்பு விறகுக்காக நான் வாங்கிய பிளப்புக் கோடாலிக்கு அப்படிப்பட்ட தலைதான். எடை எட்டு பவுண்டு, அதாவது சுமார் 3.6 கிலோ. காம்பு கண்ணாடியிழை, நீளம் 36 அங்குலம். தலையின் பின்பக்கம் சம்மட்டி போலத் தட்டையாக இருக்கிறது.

முதலில் தலையைப் பாராட்டிவிடுகிறேன். வாய் கொஞ்சம் உள்ளே இறங்கியதும் கன்னங்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. நேரான நாருள்ள சவுக்குக் கட்டை ஒரே அடியில் சடக்கென்று இரண்டாகிறது. பருமனான அடிமரத் துண்டுக்கு நடுவில் அடிப்பது வீண். விளிம்பிலிருந்து பத்தை பத்தையாகக் கழற்றிக்கொண்டு வந்தால் அதுவும் வழிக்கு வருகிறது. கட்டையின் முகத்தில் ஏற்கனவே வெடிப்பு ஓடியிருந்தால் அந்தக் கோட்டிலேயே அடியுங்கள். மரமே வழி காட்டும்போது நாம் புதிதாகத் தேட வேண்டாம்.

காம்பின் நீளத்தைச் சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குட்டைக் காம்பில் குறி தவறினால் வாய் வளைந்து முழங்காலுக்குக் கீழே வரும். நீளக் காம்பில் பெரும்பாலும் தரையிலோ அடிக்கட்டையிலோ போய் இறங்கும். முழங்கால் உயரத்துக்கு மேற்படாத அடிக்கட்டையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

என் குறை எடையைப் பற்றியது. கனமான தலை பலமாக அடிக்கும் என்பது பாதி உண்மைதான். எடையை இரட்டித்தால் அடியின் ஆற்றல் இரண்டு மடங்காகும். வேகத்தை இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். காலையில் கை தெம்பாக இருக்கும்போது எட்டு பவுண்டு ராஜா. வெயில் ஏறியதும் தூக்குவதே பெரும்பாடாகி, வேகம் விழுகிறது, குறியும் விலகுகிறது. பக்கத்துத் தோட்டக்காரர் வைத்திருக்கும் ஆறு பவுண்டுக் கோடாலியைக் கடன் வாங்கிப் பார்த்தேன். தலை வடிவம் ஏறக்குறைய இதேதான். பொழுது சாயும்போது அவருடைய கோடாலியால் குவிந்த விறகுதான் அதிகம். நாள் முழுக்கப் பிளப்பவர்கள் ஆறையே எடுங்கள்.

கணு விழுந்த கட்டைக்கும் நார் பின்னிக் கிடக்கும் புளிய மரத்துக்கும் ஆறும் எட்டும் ஒன்றுதான், இரண்டும் தோற்கும். அங்கே இரும்பு ஆப்பும் சம்மட்டியும்தான் கதி. இந்தக் கோடாலியின் பின்தலையாலேயே ஆப்பை அடிக்கலாம் என்பது ஒரு வசதி. எல்லாக் கோடாலியிலும் இதைச் செய்யாதீர்கள். மெல்லிய தலையுள்ளவற்றில் காம்பு நுழையும் துளை விரிந்து, தலை ஆட ஆரம்பிக்கும். அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை குடை போல விரிந்துவிட்டால் அந்த விளிம்பை அரத்தால் ராவிவிடுங்கள், இல்லையென்றால் இரும்புச் சில்லு தெறிக்கும். பாதி பிளந்த கட்டையிலிருந்து ஆப்பை உருவப் பார்ப்பவர்களுக்கு, ஆப்பசைத்த குரங்கின் கதையை நினைவுபடுத்துவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தலைக்குக் கீழே காம்பைக் காக்க ஒரு ரப்பர் உறை போட்டிருந்தார்கள். சில வாரங்களிலேயே கிழிந்துவிட்டது. பழைய மிதிவண்டி டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றியிருக்கிறேன். அசல் உறையைவிட நன்றாக உழைக்கிறது. இவ்வளவு நல்ல இரும்பைக் கொடுத்துவிட்டு ரப்பரில் ஏன் கஞ்சத்தனம் என்று புரியவில்லை.

இயந்திரத்தில் பிளக்கலாமே என்று கேட்கலாம். வண்டி வண்டியாக விறகு விற்பவருக்குச் சரி. வீட்டு அடுப்புக்கு என்றால், ஆள் உயரத்துக்கு ஓர் அடுக்கு சேரும் அளவு வேலைக்குக் கோடாலியே போதும். பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். யூகலிப்டஸ் காய்ந்தபின் இரும்பாக இறுகிவிடும். தவிர, பட்டை ஈரத்தை வெளியே விடாது. பிளந்த முகம் வழியாகவும் வெட்டிய முனை வழியாகவும்தான் அது போகும். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கலாம். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் புகையில்லாமல் எரியும். அதற்கு முன் அடுப்பில் வைத்தால், வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். அடுக்கும்போது கீழே இரண்டு கட்டைகளைக் கிடத்தித் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். மழைக்கு மேலே மட்டும் மூடினால் போதும், பக்கங்களில் காற்று ஓடட்டும்.

ஐந்துக்கு நான்கு தருவேன். இதே தலையை ஆறு பவுண்டில் செய்தால் அந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மரக்காம்புள்ள கோடாலி வாங்குகிறவர்கள் காம்பின் அடிமுனையைத் திருப்பிப் பாருங்கள். மரத்தின் ரேகை கோடாலி வாய்க்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், எந்தக் கடையாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.