ஒரு லெவல் கிளெரிக்கா, இரண்டு லெவல் வார்லொக்கா?

திருகோணமலை உவர்மலையில் ஒரு நண்பர் வீட்டு மேல்மாடி. ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் பின்னேரம் நான்கு மணிக்குக் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம்: ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போய், என்ன நடக்கிறது என்பதைக் கட்டை உருட்டித் தீர்மானிக்கும் மேசை விளையாட்டு. ஏழு மணிக்குக் கட்டைகளைப் பைக்குள் போட்டுவிடுவோம். கிண்ணியாத் தம்பி பாலம் தாண்டி வீடு போய்ச் சேர வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மந்திரவாதிப் பாத்திரத்துக்கு எந்த இரண்டு கிளாஸை, அதாவது தொழிலை, கலப்பது என்ற கேள்விக்கு எங்கள் மேசையில் விடை சொன்னது இந்த மூன்று மணித்தியாலமும் அந்தச் சனிக்கிழமைகளும்தான்.

பாத்திரம் லெவல் லெவலாக வளரும்; ஒவ்வொரு லெவலையும் எந்தக் கிளாஸுக்குக் கொடுப்பது என்பது நம் விருப்பம். நான் எடுத்தது விசார்ட் (படித்து மந்திரம் கற்றவர்), தொட்டுக்கொள்ள ஒரேயொரு லெவல் கிளெரிக் (கடவுளின் பூசாரி). தம்பி எடுத்தது சோர்சரர் (பிறவி மந்திரவாதி), கூடவே இரண்டு லெவல் வார்லொக் (ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவர்). இரண்டு பேரும் ஒரே நாளில் தொடங்கி ஒன்பதாம் லெவல் வரை வந்திருக்கிறோம். நாங்கள் பின்பற்றுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள்.

எல்லோருக்கும் தெரிந்ததை ஓரிரண்டு வரியில் கடந்துவிடுகிறேன். கலக்கும் இரண்டு கிளாஸுக்கும் உரிய திறன் குறைந்தது 13 இருக்க வேண்டும். சோர்சரர், வார்லொக் இரண்டும் கரிஸ்மாவையே கேட்பதால் தம்பிக்கு அந்தத் தலையிடி இல்லை. எனக்கு இன்டெலிஜென்ஸும் வேண்டும், விஸ்டமும் வேண்டும். முதல் சுற்றில் அவன் பக்கம்தான் வெற்றி.

ஆனால் என் கணக்கையும் பாருங்கள். திறன் வாங்கத் தரப்படும் 27 புள்ளியில் இன்டெலிஜென்ஸ் 15, டெக்ஸ்டரிட்டி (சுறுசுறுப்பு) 14, விஸ்டம் 13, கொன்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 13, ஸ்ட்ரெங்த் 9, கரிஸ்மா 8 என்று வாங்கினேன். இனம் சாதாரண மனிதன். எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று கூடும் அந்தப் பழைய மனிதனை யாரும் சீண்டுவதில்லை. எனக்கோ அவன் கச்சிதமாகப் பொருந்தினான்: 16, 15, 14, 14, 10, 9. இரண்டு ஒற்றைப்படை 13உம் 14 ஆகிவிட்டன.

முதல் லெவலைக் கிளெரிக்காகவே தொடங்கினேன். அப்படித் தொடங்கினால் செதிள் கவசமும் கேடயமும் ஆரம்பச் சாமானிலேயே வந்துவிடும், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. கவசம் 14, டெக்ஸ்டரிட்டிக்கு 2, கேடயத்துக்கு 2, மொத்தம் ஆர்மர் கிளாஸ் (எதிரியின் தாக்குதல் உருட்டல் எட்ட வேண்டிய எண்) 18. டொமைன் (கிளெரிக்கின் சிறப்புத் துறை), அறிவு டொமைன். என் பாத்திரம் கோயில் ஏடுகளைக் காக்கும் ஒரு கிழவர், பெயர் ஏட்டுச்சாமி. அந்த டொமைன் ஆர்க்கேனா (மந்திர அறிவு), வரலாறு போன்றவற்றில் இரண்டு திறமைக்கு இரட்டைத் தேர்ச்சி தரும். ஏட்டுச்சாமிக்கு வேறென்ன வேண்டும்?

18 என்றால் எவ்வளவு பெரிது? இருபது முகக் கட்டையில் விழுவதோடு 5ஐக் கூட்டித் தாக்கும் ஓர்க் என்ற அரக்கன் ஒன்று கோடரி வீசுகிறது என்று வையுங்கள். தம்பியின் சோர்சரர் டிராகன் வம்சம், டெக்ஸ்டரிட்டி 14, ஆகவே ஆர்மர் கிளாஸ் 15. ஓர்க் 20க்கு 11 தரம் அவனில் கொத்தும், என்னில் 8 தரம். ஷீல்ட் மந்திரத்தை இரண்டு பேரும் போட்டால் அவனுக்கு 20, எனக்கு 23. இப்போது அவனில் 6 தரம், என்னில் 3 தரம். பாதி. அடி விழாவிட்டால் மனத்தை ஒருமுகப்படுத்திப் பிடித்திருக்கும் மந்திரமும் கலையாது. சோர்சரரில் தொடங்கியவனுக்குக் கொன்ஸ்டிடியூஷன் சேவில் (பாதிப்பைத் தாங்கும் உருட்டலில்) தேர்ச்சி உண்டு என்பது உண்மைதான், எனக்கு அது இல்லை. ஆனால் அந்தத் தேர்ச்சி அடி வாங்கிய பிறகு உதவுவது. எனக்கு அடி வாங்காமல் இருப்பதில்தான் விருப்பம்.

செதிள் கவசத்துக்கு ஒரு சாபமும் உண்டு. பதுங்கிப் போக வேண்டுமென்றால் இரண்டு கட்டை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். எங்கள் டிஎம் (கதையை நடத்துபவர்) அண்ணா எங்கள் ஊர் பிரெட்ரிக் கோட்டையை அப்படியே தூக்கித் தன் உலகத்தில் வைத்திருக்கிறார், மான்கள் உட்பட. ஓர் இரவு நாங்கள் ஐந்து பேரும் அந்த மான் கூட்டத்துக்குள்ளால் ஊர்ந்து போனோம். நான் உருட்டியது 2உம் 17உம். மான்கள் கலைந்து ஓடின, காவல்காரர் எழும்பிவிட்டார்கள். இன்றைக்கும் என்னைக் கண்டால் தம்பி “அண்ணா, மான்” என்பான்.

தம்பியின் பக்கத்துக்கு வருகிறேன். வார்லொக்கின் எல்ட்ரிச் பிளாஸ்ட், ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவில்லாத மந்திரம். அதன் கதிர்கள் பாத்திரத்தின் மொத்த லெவலைப் பார்த்துக் கூடும், வார்லொக் லெவலைப் பார்த்தல்ல. ஐந்தாம் லெவலில் இரண்டு கதிர். ஒவ்வொன்றும் பத்து முகக் கட்டை ஒன்று, அகனைசிங் பிளாஸ்ட் என்ற வார்லொக் சக்தியை எடுத்திருந்தால் கரிஸ்மாவுக்கான கூடுதலும் சேரும். கரிஸ்மா 16 என்றால் 3 கூடி, கதிருக்குச் சராசரி எட்டரை. சோர்சரருக்குக் கிடைக்கும் சோர்சரி புள்ளி இரண்டைக் கொடுத்து ஒரு பிளாஸ்ட்டை விரைவுபடுத்தினால் ஒரே சுற்றில் நான்கு கதிர். எல்லாம் பட்டால் 34. விளையாட்டும் இலகு. “நீங்க புத்தகத்தப் புரட்டுங்க அண்ணா, நான் சுடுறன்” என்று அவன் சொல்லும்போது எனக்குப் பொறாமைதான்.

அவனுடைய கலவை குறு ஓய்வில் உயிர் வாழ்கிறது. வார்லொக் ஸ்லாட் இரண்டும் ஒரு மணித்தியாலம் இருந்து ஓய்வெடுத்தால் திரும்பி வரும். எங்கள் மேசையில் மூன்று மணித்தியாலத்துக்குள் ஒரு பெரிய சண்டை, பிறகு பேச்சு, பிறகு இரவு நித்திரை. குறு ஓய்வு எடுக்கக் கதையில் இடமே வராது. அதனால் அந்த இரண்டு லெவலால் அவனுக்குக் கிடைத்த மேலதிக ஸ்லாட் நாளுக்கு இரண்டுதான், அதுவும் மிகப் பலம் குறைந்த முதல் நிலை ஸ்லாட். நித்திரையே கொள்ளாமல் குறு ஓய்வுகளை அடுக்கி ஸ்லாட் சேர்க்கிற ஒரு தந்திரம் உண்டு. டிஎம் அண்ணா முதல் நாளே “அது இங்க வேண்டாம்” என்றுவிட்டார். நாளுக்கு மூன்று நான்கு சண்டை நடக்கிற மேசையாக இருந்தால் இந்தப் பந்தியை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

சரி, எனக்கு முடிவைத் தந்த விஷயம் இது.

முழு மந்திரவாதிக்குப் புதிய மந்திர நிலை (மந்திரங்களின் பலப் படி) ஒற்றைப்படை லெவல்களில் திறக்கும்: மூன்றில் இரண்டாம் நிலை, ஐந்தில் மூன்றாம் நிலை, ஏழில் நான்காம் நிலை, ஒன்பதில் ஐந்தாம் நிலை. இதில் ஒரு லெவலை வேறு கிளாஸுக்குக் கொடுத்தால் ஒற்றைப்படையில் பின்தங்குவீர்கள், இரட்டைப்படையில் எட்டிப் பிடிப்பீர்கள். ஐந்தில் எனக்கு ஃபயர்போல் என்ற மூன்றாம் நிலை நெருப்பு மந்திரம் இல்லை, ஆறில் வந்தது. ஆறாம் லெவலில் தனி (கலப்பில்லாத) விசார்ட்டுக்கும் எனக்கும் மந்திர நிலையில் வித்தியாசமே இல்லை. இரண்டு லெவலைக் கொடுத்தவன் அப்படியல்ல. ஐந்திலும் ஒரு நிலை பின்னே, ஆறிலும் பின்னே, ஏழில் ஃபயர்போல் வரும்போது தனிச் சோர்சரர் நான்காம் நிலைக்குப் போயிருப்பார். பதினெட்டாம் லெவல் வரை இந்த இடைவெளி மூடாது.

தாளில் பார்த்தால் ஒரு லெவலுக்கும் இரண்டு லெவலுக்கும் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. சனிக்கிழமையில் அளந்து பாருங்கள். எங்கள் டிஎம் அனுபவப் புள்ளி எண்ணுவதில்லை. கதையில் ஒரு கட்டம் முடிந்தால் லெவல் தருவார். சராசரியாக ஐந்து அமர்வுக்கு ஒன்று, அதாவது பத்துக் கிழமை. மாரி தொடங்கினால் கார்த்திகை, மார்கழியில் ஒரு அமர்வு நடந்தாலே பெரிய விஷயம். எனக்கு ஃபயர்போல் பிந்தியது பத்துக் கிழமை. தம்பிக்கு நடுவில் மாரியும் வந்து விழ, ஆறு மாதத்துக்கு மேல். அவ்வளவு காலமும் அவன் ஒவ்வொரு சண்டையிலும் அதே கதிரைத்தான் எறிந்துகொண்டிருந்தான். ஐந்தாவது மாதத்தில் “சுடுறன்” என்பதில் முன்பிருந்த உற்சாகம் இல்லை.

திறன் ஏற்றமும் இதே கதைதான். அது கிளாஸின் நான்காம் லெவலில் வரும், பாத்திரத்தின் நான்காம் லெவலில் அல்ல. ஐந்தாம் லெவலில் எனக்கு விசார்ட் நான்கு; இன்டெலிஜென்ஸ் 18 ஆனது. அவனுக்குச் சோர்சரர் மூன்று. கரிஸ்மா 16இலேயே நின்றது.

முதலில் சோர்சரர் ஐந்து வரை போய்விட்டுப் பிறகு வார்லொக் எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். எடுக்கலாம், ஃபயர்போல் நேரத்துக்கு வரும். ஆனால் ஆறு, ஏழாம் லெவல்களில் புது மந்திர நிலை எதுவும் வராமல் அதே பத்துக் கிழமைகளை எண்ண வேண்டிவரும். கடன் கடன்தான், தவணைதான் வேறு.

ஒற்றைப்படை லெவலில் நான் என்ன செய்தேன்? ஸ்லாட் கணக்கில் கிளெரிக் லெவலும் விசார்ட் லெவலும் கூட்டப்படும். ஆகவே ஐந்தில் எனக்கு மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டு இருந்தன, போடுவதற்கு மூன்றாம் நிலை மந்திரம்தான் இல்லை. இரண்டாம் நிலை மந்திரமான ஸ்கோர்ச்சிங் ரேயை அந்த ஸ்லாட்டில் போட்டேன். நான்கு கதிர், கதிருக்கு இரண்டு ஆறுமுகக் கட்டை, மொத்தம் எட்டுக் கட்டை. ஃபயர்போலுக்கும் எட்டுக் கட்டைதான், சராசரி 28. வித்தியாசம், ஃபயர்போல் அந்த 28ஐ வட்டத்துக்குள் நிற்கிற ஒவ்வொருவனுக்கும் கொடுக்கும்; என்னுடையதைப் பகிர்ந்துதான் கொடுக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு கதிரும் பட்டால். தனி எதிரியென்றால் சமாளிக்கலாம், கூட்டமென்றால் வயிறு எரியும். அந்த எரிச்சலை ஆற்றியது கிளெரிக்கின் ஹீலிங் வேர்ட் மந்திரம். விழுந்து கிடக்கிறவனை அறுபது அடி தூரத்திலிருந்து ஒரு சொல்லில் எழுப்பிவிடலாம். தம்பியையே நான்கு தரம் எழுப்பியிருக்கிறேன்.

விசார்ட்டையும் கிளெரிக்கையும் சரிபாதியாகக் கலக்கும் ஆசையும் எனக்கு இருந்தது. எட்டாம் லெவலில் நான்குக்கு நான்கு என்றால் நான்காம் நிலை ஸ்லாட் இரண்டு கிடைக்கும். ஆனால் மந்திரங்களை ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும், ஆகவே கையில் இருப்பது இரண்டாம் நிலை மந்திரம் வரைதான். கலியாண வீட்டுக் கிடாரத்தில் ஒரு சுண்டு அரிசி. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இது இன்னும் மோசம், ஸ்லாட்டும் கூடாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2003இன் திருத்தப் பதிப்பில் மிஸ்டிக் தியர்ஜ் என்று இரண்டையும் சேர்த்து வளர்க்கும் தனிக் கிளாஸ் கொடுத்தார்கள்.

பலடினும் (புனித வீரன்) சோர்சரரும் கலந்த பாத்திரத்தைப் பலர் புகழ்கிறார்கள். தாளில் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் எங்கள் மேசையில் யாரும் ஆடியதில்லை. 2024இல் வந்த புது விதிகளிலும் நான் விளையாடவில்லை. வாசித்த வரை, அதில் கிளெரிக்கின் டொமைன் மூன்றாம் லெவலுக்குப் போய்விட்டது. ஒரு லெவலோடு நிறுத்தினால் அறிவு டொமைன் கிடைக்காது, ஏட்டுச்சாமியும் ஏட்டுச்சாமியாக இருக்கமாட்டார். கவசம் மட்டும் போதுமென்றால் அதில் குறையில்லை. பத்துக்கு மேற்பட்ட லெவல்களைப் பற்றியும் நான் பேசமாட்டேன். இருபதாம் லெவல் வரை திட்டம் போட்டு வரைகிறவர்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஒன்பது வரை வரவே எங்களுக்கு இரண்டு வருடம் போனது. அதற்குள் ஒருவர் கம்பஸுக்கும் ஒருவர் கட்டாருக்கும் போய்விட்டார்கள்.

கடைசியாக, தனி விசார்ட்டை நான் ஒதுக்கவில்லை. ஒரே நாளில் முடியும் கதை, ஐந்தாம் லெவலில் தொடக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தனி விசார்ட் எடுப்பேன். அங்கே ஆறாம் லெவல் வரப்போவதில்லை, என் கவசத்துக்காக ஃபயர்போலை விட்டுக்கொடுப்பது முட்டாள்தனம். நீண்ட கதையென்றால் எந்த லெவலில் தொடங்கி எந்த லெவலில் முடியும் என்று டிஎம்மிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அடுத்த கதைக்காக நானும் போன சனிக்கிழமை கேட்டேன். அண்ணா கலண்டரைப் பார்த்தார், யன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார். “மாரிக்கு முதல் எத்தின சனி கிடைக்குதோ, அத்தினதான்” என்றார். தம்பி புதுத் தாள் ஒன்றை எடுத்து, மேலே ‘கிளெரிக் 1’ என்று எழுதிக்கொண்டிருந்தான்.